சுனைத் தண்ணீர் குடித்த கமேலியா

அற்புதம், கண்ணு,

செஞ்சியிலிருந்து அம்மா எழுதுகிறேன். நைனாவின் கையெழுத்து இல்லையே என்று பதறாதே. அவர் சுகமாக இருக்கிறார். களத்தில் பறித்த மல்லாட்டைக் கடலை காய்கிறது. காக்காய் விரட்டுகிறேன் என்று கயிற்றுக் கட்டிலை நிழலில் இழுத்துப் போட்டுப் படுத்தவர், காக்காய்கள் பார்த்துக்கொண்டிருக்கக் குறட்டை விடுகிறார். வீட்டில் வேறு சத்தமே இல்லை. ராஜாகோட்டை மலை வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. கொஞ்சம் கண்ணை மூடித் திறந்தால் அந்தப் பாறைகள் எல்லாம் மிதப்பதுபோல் இருக்கின்றன. எழுதுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

நீ கேட்டது ஒரே கேள்விதான். ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு திருநாள் கழிந்ததும் குன்னூர்க் கோயிலில் உனக்கும் சவரிமுத்துவுக்கும் கல்யாணம் வைக்கலாமா, நாங்கள் இரண்டு பேரும் வந்து நிற்போமா என்று கேட்டாய். பனி தொடங்குமுன் கேட்ட கேள்விக்குத் தவக்காலம் பாதி போயும் பதில் வரவில்லை. நைனா எழுதிய கடிதங்களில் மழை, விலைவாசி, மாடு கன்று போட்டது எல்லாம் இருந்திருக்கும், இது மட்டும் இருந்திருக்காது. அவரைக் கோபித்துக்கொள்ளாதே. "அத நான் எழுதிக்கிறேன்" என்று அவர் கையைக் கட்டிப்போட்டவள் நான். பதிலை இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் சொன்னால் அதை மட்டும் படித்துவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு ஓடிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? உட்கார்ந்து படி. உன் செடியின் கதையைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொல்ல எனக்கு வராது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடி பிறக்குமுன் நீ லீவில் வந்தாயே, அன்றைக்குத் தொடங்கியது இது. திண்டிவனத்தில் ரயிலை விட்டு இறங்கி, உலகச் சண்டையில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் அந்தப் பஸ்ஸில் ஏறி வந்தாய். வழியெல்லாம் டிரைவர் அடுப்பைக் குத்திக் குத்தி ஓட்டினான் என்றாய். உன் மூஞ்சி முழுவதும் கரி. மடியில் இருந்த செடியின் இலைகள் மட்டும் எண்ணெய் தடவியதுபோல் மின்னின. உன் முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறாய். பெற்றவள் வாசலில் நிற்கிறேன், நீ செடியை எங்கே இறக்கி வைப்பது என்று நிழல் தேடுகிறாய். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. இது வெறும் செடி இல்லை, ஒரு ஆள் கொடுத்தனுப்பிய செடி என்று தெரிந்துவிட்டது.

சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே சவரிமுத்துவைப் பற்றிச் சொன்னாய். துரை பங்களா ஒன்றில் தோட்ட வேலை பார்க்கிறவன், கன்னியர் மடத்து வாசலில் துணியில் சுற்றிக் கிடந்த பிள்ளை, அவர்களே எடுத்து வளர்த்தார்கள், தாய் யார் தகப்பன் யார் என்று அவனுக்கும் தெரியாது. வெங்காயம் உரித்ததால் உன் கண்ணில் தண்ணீர் வந்ததா வேறு எதனாலா என்று நான் பார்க்கவில்லை. எனக்கு வந்த கேள்வி வேறு.

"அவனுக்குப் பூ யாரு குத்துவா?" என்றேன்.

நம் வகையறாவில் மாப்பிள்ளை கோயிலுக்குக் கிளம்புமுன் அவனைப் பெற்றவள் அவன் சட்டையில் ஒரு காகிதப் பூ குத்துவாள். அவள் இல்லையென்றால் சித்தியோ அத்தையோ குத்துவாள். அந்தப் பூ இல்லாமல் மாப்பிள்ளை வாசற்படி தாண்டமாட்டான். செஞ்சிப் பங்குக் கோயிலில் எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு அந்தப் பூவைச் செய்து கொடுத்தவள் நான். பீடத்துக்கும் தேருக்கும் பெண்களின் முடிக்கும் பூ செய்த கை இது. என் மகளைக் கட்டப்போகிறவனுக்குப் பூ குத்த ஒரு பெண்பிள்ளை கிடையாது என்றால் நான் எப்படி ஏற்றுக்கொள்வேன்?

நீ வெங்காயத்தைக் கீழே வைத்தாய். "பூ குத்த ஆளு இல்லேன்னா ஒருத்தன் கண்ணாலமே பண்ணிக்கக் கூடாதாம்மா?"

"ஆளும் யாருன்னு தெரியல, நீ தூக்கினு வந்த செடியும் இன்னான்னு தெரியல. அந்தச் செடி மொதல்ல இங்க பூக்கட்டும். அப்ப பாக்கலாம்."

"சத்தியமா?"

"சத்தியமாத்தான்."

கோபத்தில் சொன்னேன். செஞ்சி வெயிலில் மலைச்செடி எங்கே பூக்கப் போகிறது என்ற தைரியத்திலும் சொன்னேன். நைனா வாசலில் நின்று, "நான் கேட்டுக்கினேன், நான்தான் சாட்சி" என்றார். மனுஷருக்கு விளையாட்டு.

மறுநாள் கிணற்றடியில் வைத்து எனக்கு அந்தச் செடியை அடையாளம் காட்டினாய். இதன் பெயர் கமேலியா. தேயிலைக்கு அக்கா தங்கை முறை, அதனால் பூக்காத காலத்தில் பார்க்கிறவர்கள் தேயிலை என்று ஏமாறுவார்கள். தேயிலை இலை மெல்லிசு. இது தடிப்பு, மேலே பளபளப்பு, ஓரத்தில் விரல் ஓட்டினால்தான் தெரிகிற சின்ன ரம்பப் பல். தேயிலைப் பூ வெள்ளையாய், சின்னதாய், காம்பு வளைந்து தலைகவிழ்ந்து தொங்கும். இது காம்பே இல்லாமல் கிளையோடு ஒட்டி உட்காரும், பெரிசாய் மலரும், வாசனை கிடையாது. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், மழைத்தண்ணீர் ஊற்று என்றாய். காலை வெயில் போதும், உச்சி வெயில் ஆகாது என்றாய். நான் காதில் வாங்காததுபோல் குடம் துலக்கினேன். எல்லாம் காதில் விழுந்தது. பஸ் கிளம்பும்போது ஜன்னலில் தலையை நீட்டி இன்னொன்றும் கத்தினாய். "யம்மா, அது இதழ் இதழா உதிராது! மொத்தப் பூவும் முழுசா விழும்! அதான் கடைசி அடையாளம்!" பஸ் புகையில் உன் கை மட்டும் தெரிந்தது.

அதன் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்தார்கள். கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில் பிள்ளை, தேயிலை என்று சாதித்தார். நைனா, "கொய்யாவா இருந்தா நல்லாருக்கும், காயாவது துன்னலாம்" என்றார். விறகு கொண்டுவரும் காத்தாயியை உனக்குத் தெரியுமே, கோட்டை மலைச்சரிவில் சுள்ளி பொறுக்கி விற்கிறவள், அவள் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்தாள். "வாசமும் இல்ல ஒண்ணும் இல்ல. இன்னாத்துக்குக்கா இது?" என்றாள். அவள் போனதும் அந்தக் கிள்ளிய இடத்தைத் தடவிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்காதே.

மழைக்காலத்தில் செடி நன்றாகத்தான் இருந்தது. கிளை நுனிகளில் பச்சை மணிபோல மொட்டுகள் வைத்தது. பந்தயத்தில் தோற்றுவிடுவேனோ என்று தினமும் அவற்றை எண்ணினேன். அப்போது கிறிஸ்துமஸ் வந்தது. நைனா வழக்கம்போல வீட்டுக்கு வெள்ளையடித்தார். சுவர் முடிந்து, மாட்டுத்தொட்டி முடிந்து, முருங்கை அடிமரம் முடிந்து, சட்டியில் சுண்ணாம்பு மிச்சம் இருந்தது. கரையான் ஏறாமல் இருக்கட்டும் என்று உன் செடித்தொட்டிக்கும் உள்ளே வெளியே இரண்டு பூச்சுப் பூசினார். சட்டியைக் கழுவிய தண்ணீரையும் அதன் அடியிலேயே ஊற்றினார். "செடிக்கும் பண்டிகைதானே" என்றார். நான் பக்கத்திலேயே நின்று மேலே ஒரு காவிப் பட்டையும் போடச் சொன்னேன். நமக்கு எது நல்லதோ அதுதான் அதற்கும் நல்லது என்று நினைத்துவிட்டோம். இந்த ஊரில் சுண்ணாம்பு படாத மரம் எது?

அந்தச் சுண்ணாம்பு ஆகாமல், பொங்கல் வருமுன் இலையெல்லாம் மஞ்சள் பூத்தது, நரம்பு மட்டும் பச்சையாய் நின்றது. மொட்டுகள் ஒவ்வொன்றாய்க் கீழே விழுந்தன. உனக்கு ஒளிக்க என்ன இருக்கிறது, முதலில் எனக்கு அப்பாடா என்றிருந்தது. பந்தயத்தில் ஜெயித்தவள் நான். பெருக்கும்போது அந்த மொட்டுகளைக் குப்பையோடு தள்ளப்போனேன், கை வரவில்லை. உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தேன். மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்றாய் மூடிய சின்னச் சின்ன மூடிகள். ஒன்றை நகத்தால் திறந்தேன். உள்ளே ரோஜா நிறத்தில் மடிப்பு, மடிப்பு, மடிப்பு. அவ்வளவு சின்ன இடத்தில் எவ்வளவு நேர்த்தியாய் மடித்து வைத்திருக்கிறது! பூ செய்கிறவளுக்குத்தான் அந்த வலி தெரியும். கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றைக்கே நைனாவை எழுப்பித் தொட்டியை உடைக்கச் சொன்னேன். வேரில் ஒட்டிய வெள்ளை மண்ணை மட்டும் விரலால் உதிர்த்தோம். ராணிகோட்டைப் பக்கத்து ஓடையில் இலை மக்கிக் கறுத்த மண் கிடக்கிறது, அதையும் செம்மண்ணையும் கலந்து புது மண்பானையில் வைத்தோம். அடுப்புச் சாம்பலைக்கூட அருகில் விடவில்லை. தண்ணீர்தான் பெரிய பாடு. நம் கிணற்றுத் தண்ணீர் காய்ச்சின பாத்திரத்தில் வெள்ளைப்படை கட்டுவது உனக்குத் தெரியும், அதுவும் சுண்ணாம்புதான். மழை எப்போதோ போய்விட்டது. காத்தாயிதான், "மலமேல சுனையில தேங்கி நிக்கிறது மழத்தண்ணிதான்க்கா. கல்லுல கெடக்குது, உப்பும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றாள். அதிலிருந்து விறகுக்கட்டோடு ஒரு சொம்புச் சுனைத் தண்ணீரும் வரத்தொடங்கியது. ராஜாக்கள் குடித்த தண்ணீரை உன் செடி குடித்தது.

அமாவாசை வந்தால் காத்தாயி மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விடுவாள். அன்றைக்கு நைனா மலையேறினார். சுண்ணாம்பு பூசியவர் அல்லவா, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இறங்கி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்து, "இன்னொரு பொண்ணு பெத்திருந்தா நான் செத்தே பூட்டிருப்பேன்" என்றார். சொம்பில் பாதிதான் இருந்தது. மீதியை வழியில் தானே குடித்துவிட்டார்.

கோடை வந்தது. பலாமரத்து நிழலில் பானையை வைத்து, சுற்றிலும் சாக்கு நனைத்துப் போட்டு, மத்தியானம் முழுவதும் நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஊரே பாறைச் சூட்டில் கிறங்கிக் கிடக்கும். நனைந்த சாக்கிலிருந்து வருகிற குளிர்ச்சியில் எனக்குக் கண் சொருகும். அப்போதெல்லாம் உன் குன்னூர் வந்துவிடும். நான் பார்க்காத ஊர். வீட்டுக்குள் மேகம் நுழையும் என்று எழுதியிருந்தாயே, அது நம் கிணற்றடி வழியாக மெல்ல வரும், துணிக்கொடியை மறைக்கும், பலாமரத்தை மறைக்கும். அதற்குள் நீ குடை பிடித்து நடந்துபோவாய். உன் பக்கத்தில் ஒருவன் நடப்பான். அவனுக்கு முகம் இருக்காது. என் தம்பி முகத்தை வைத்துப் பார்ப்பேன், பொருந்தாது. நம் பங்குச் சாமியார் முகத்தை வைத்தால் சிரிப்பு வந்துவிடும். ஒருநாள் அவன் குனிந்து ஏதோ செடியின் இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், பூச்சி இருக்கிறதா என்று. நீ பேசுவது அவன் காதில் விழவில்லை. எனக்கு அவன்மேல் கோபம் வரவேண்டும், வரவில்லை. நானும் அப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். விழித்துப் பார்த்தால் ஒரு இலை என் விரலில் இருந்தது.

ஐப்பசி மழையில் இலைகள் மறுபடி கறுத்த பச்சைக்கு வந்தன. கூர்ந்த மொட்டு இலைக்கு, குண்டு மொட்டு பூவுக்கு என்று நானே கண்டுபிடித்தேன். குண்டு மொட்டுகள் நிறைய வைத்து, ஒவ்வொன்றாய் உதிர்ந்து, கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. அப்போதுதான் உன் கேள்வி தபாலில் வந்தது. நான் பதில் எழுதாமல் மொட்டைப் பார்த்தேன். தை மாதப் பனி இந்த வருஷம் நல்ல பனி. காலையில் கோட்டை மலை இருக்கும் இடமே தெரியவில்லை, வெறும் வெள்ளை. அந்தப் பனியில் அது திறந்தது.

அற்புதம், அதை எப்படிச் சொல்வேன்? இதழின்மேல் இதழ், ஓடு வேய்ந்ததுபோல, நடுவில் மகரந்தம்கூடத் தெரியாமல், ரோஜா நிறம் வட்ட வட்டமாய்ச் சுருங்கி உள்ளே போகிறது. இத்தனை வருஷம் நான் கத்தரித்து, சுருட்டி, கம்பி வைத்துக் கட்டினதெல்லாம் இதைப் பார்க்காமலே இதைப்போலச் செய்யப் பார்த்ததுதான். வாய் விட்டுக் கூப்பிட்டேன். நைனா பல் விளக்கிக்கொண்டே வந்தார். பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார்.

"இன்னாமே, எனுக்கே பொய்ப்பூவா? சரின்னு சொல்ல வெக்கமா இருந்தா வாயால சொல்லேன். தாளுல செஞ்சி ஏன் கட்டுற?"

எனக்கு எப்படி இருந்திருக்கும்! "நான் கட்டுனனா? சண்ட வந்ததுலருந்து கலர்த்தாளு ஏது கடையில? எதுல செய்றது?"

"பொட்டியில ஒளிச்சி வச்சிருப்ப."

விறகு இறக்கிய காத்தாயியும் எட்டிப் பார்த்து, "நல்லாத்தான்க்கா செஞ்சிருக்குற" என்றாள். தொட்டுப் பாரு என்று அவள் கையைப் பிடித்து வைத்தேன். அவள் விரல் பட்ட இதழ் ஓரம் பழுப்பாகிவிட்டது, அதற்கும் நான்தான் கத்தினேன். அதற்குள் நைனா உள்ளே போய் என் டிரங்குப் பெட்டியைத் திறந்துவிட்டார். அடியில், என் கல்யாணப் புடவைக்குக் கீழே, ஒரு மடிப்பு ரோஜாத்தாள் இருந்தது. சண்டைக்கு முன்னால் வாங்கியது. பாண்டிச்சேரிக் கடையில் மடித்துக் கொடுத்த மடிப்பு கலையவில்லை, கத்தரி படவில்லை. பீடத்துக்குப் பூ இல்லை என்று சாமியார் கேட்டபோதும் இல்லை என்று சொல்லி நான் எடுக்காத தாள். நைனா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"செடியில இருக்குறது நெசப்பூதான். அப்ப இது யாருக்கு வச்சிருக்குற?"

உன் கல்யாண முடிக்கு என்று அவருக்குத் தெரியாதா? நீ நர்ஸ் படிக்கப் போன வருஷத்திலிருந்து அது அங்கே இருக்கிறது. வேண்டாம் வேண்டாம் என்று வாய் சொன்ன நாளெல்லாம் அது அங்கேதான் இருந்தது. "எழுதிப் போடு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் தாளை இருந்த இடத்திலேயே வைத்தார்.

அப்போதும் எழுதவில்லை. என் பிடிவாதம் உனக்குத் தெரியும். பூத்தது சரி, நீ சொன்ன பூதானா இது என்று தெரியவேண்டாமா? கடைசி அடையாளம் பாக்கி இருந்தது. தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். ஒரு இதழ் தனியாக உதிர்ந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சாம்பல் புதன் வந்தது, நெற்றியில் சாம்பலோடு வந்து பார்த்தேன், அப்படியே இருந்தது. நேற்று மத்தியானம் துணி அலசிக்கொண்டிருந்தேன். காற்று இல்லை. பின்னால் பொத்தென்று ஒரு சின்னச் சத்தம். திரும்பினால் பூ ஈரமண்ணில் மல்லாந்து கிடக்கிறது, முழுசாக, கிளையில் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே. கிளையில் தேடினேன். ஒரு இதழ்கூட மிச்சம் வைக்கவில்லை.

அதைப் பார்த்ததும் எனக்கு உன்னைப் பற்றி இருந்த ஏதோ ஒரு கவலை கழன்றது. கண்ணு, நீயும் அப்படியே போ. பாதியை இங்கே கிளையில் விட்டுவிட்டுப் பாதியாய்ப் போகாதே. அங்கே குளிரில் நின்றுகொண்டு அம்மா என்ன செய்கிறாளோ, நைனா சாப்பிட்டாரோ என்று உதிர்ந்துகொண்டே இருக்காதே. நாங்கள் சாப்பிடுவோம். செடியைப் பார்த்துக்கொள்வோம், அடுத்த பனிக்கு மொட்டு வைக்கும். உன் புருஷனிடம் சொல், சுண்ணாம்பு பூசினதற்கு நைனா மன்னிப்புக் கேட்டார் என்று. கேட்கவில்லை, இருந்தாலும் சொல்.

பாஸ்கு கழிந்த வாரம் வருகிறோம். கம்பளி இல்லை, இரண்டு ஏற்பாடு செய்து வை. ரோஜாத்தாளை இன்று காலை எடுத்துவிட்டேன். இப்போது எனக்கு மாதிரி தெரியும், அதனால் உன் முடியில் வைக்கும் பூக்கள் ஓடு வேய்ந்ததுபோல வரும், பார். தாளில் ஒரு துண்டு மிஞ்சும்படி அளந்து வைத்திருக்கிறேன். அதில் ஒரு பூ, சட்டையில் குத்துகிற அளவுக்கு. அவனிடம் கல்யாணத்தன்று காலையில் நான் வரும்வரை வாசற்படி தாண்ட வேண்டாம் என்று சொல்லி வை. உன்னை நைனா கைபிடித்து அழைத்து வருவார். கோயிலில் பெண் வீட்டார் பக்கம் என்னைத் தேடாதே. நான் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் நின்றிருப்பேன்.

அம்மா